கீழ்வீட்டுப் பிரிட்ஜில் என் வெண்ணெய்

தனியாக இருக்கும் ஆண்பிள்ளை சிக்கனம் பிடிக்க ஆரம்பித்தால் அவனைத் தடுக்க ஆளே கிடையாது. குடும்பஸ்தன் என்றால் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள், அம்மா பாத்திரத்தைப் பிடுங்கிக்கொள்வாள். அறையில் ஒற்றையாய்க் கிடப்பவனுக்கு, தான் செய்துகொண்டிருப்பது கிறுக்குத்தனம் என்று தெரியவே மாதக்கணக்காகும். எனக்கு அது தெரியவந்தபோது ஒரு கூடம் நிறைய விருந்தாளிகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது நான் நாமக்கல்லில் ஒரு கோழித் தீவனக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எந்தப் பண்ணையில் எத்தனை கோழி, அவை இந்த வாரம் எவ்வளவு தின்றன என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நான் என்ன தின்றேன் என்று கேட்கத்தான் ஊரில் ஒருவரும் இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள். ஆறு மணி அடித்ததும் பைக்கை உதைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். என் சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் லீவு முடிந்துவிடும் என்பதால் தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் போவேன்.

மோகனூர் ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் தகரக் கூரை போட்ட அறை. கீழே வீட்டுக்காரர் பெரியசாமி அண்ணனும் அவர் மனைவி சரசக்காவும் இருந்தார்கள். அண்ணன் ஒரு காலத்தில் வடக்கே லோடு அடித்தவர். கடைசி லாரியையும் விற்றுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தவர், அதற்குப் பிறகு எழுந்து நான் பார்த்ததில்லை. ஒரே மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான்.

குடிபோன புதிதில் சரசக்கா என்னிடம் “வாங்க, போங்க, சாப்டுங்க” என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ‘ங்க’ போட்டுப் பேசியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. படித்த பையன், கம்பெனி உத்தியோகம் என்று மரியாதை கொடுக்கிறார்கள் என நினைத்து, சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டேன். மறுநாள் காலை வாசலில் படுத்திருந்த தெருநாயை அவர் “அக்கட்டால போங்க சாமி” என்று விரட்டியதைக் கேட்டேன். (அன்றோடு காலர் இறங்கிவிட்டது.)

முதல் சம்பளத்தில் நான் செய்த ஒரே ஆடம்பரம், ஒரு கட்டி வெண்ணெய் வாங்கியது. வேலைக்குப் போகும் மனிதன் என்றால் மாலையில் பிரெட்டில் வெண்ணெய் தடவித் தின்பான் என்று எனக்குள் ஒரு எண்ணம், அது எங்கிருந்து வந்ததோ தெரியாது. அறையில் பிரிட்ஜ் கிடையாது. தகரக் கூரைக்கு அடியில் வைத்த வெண்ணெய் ஒரே பகலில் காகிதத்துக்குள் குழம்பாகிவிட்டது. எறும்புகள் வேறு வந்துவிட்டன. மாடிப்படிக் குழாயடியில் உட்கார்ந்து நான் அதைக் கழுவிக்கொண்டிருந்தபோது சரசக்கா துணி காயப்போட வந்தார்.

“ஏனுங்க தம்பி, வெண்ணெயப் போயிக் கழுவறீங்க?”

எறும்பு என்றேன். அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டினார்.

“இப்படிக் குடுங்க. நம்ம பிரிட்ஜ்ல வெச்சுக்கலாமுங்க. வேணுங்கறப்ப வந்து எடுத்துக்குங்க.”

இப்படியாக என் வெண்ணெய்க்கு அந்த ஊரில் ஒரு குடும்பம் கிடைத்தது. தினமும் மாலை நான் கையில் ஒரு தட்டும் கத்தியும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிக் கதவைத் தட்டுவேன். (கத்தியோடு கதவைத் தட்டுபவனை வேறு எந்த வீட்டில் வரவேற்பார்கள்?) சரசக்கா எவர்சில்வர் டப்பாவை எடுத்து வருவார். நான் ஒரு துண்டு வெட்டிக்கொள்வேன். அதற்குள் ஆபீஸ் போனீங்களா, தண்ணி வந்துதுங்களா, இன்னைக்கு வெய்யில் என்னமோ அதிகமுங்க என்று சில வார்த்தைகள். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் அண்ணன், “உங்க பக்கம் மழை உண்டுங்களா?” என்று கேட்பார். தினமும் இதே கேள்விதான். பதில் சொல்வதற்காகவே நான் ஆபீசில் இருக்கும்போதே கைபேசியில் மன்னார்குடி வானிலையைப் பார்த்து வைத்துக்கொள்வேன். கணக்குப் பற்றி இல்லாத பேச்சு என்று அன்றாடம் நான் பேசியது அவ்வளவுதான்.

சிக்கல் மாதக் கடைசியில் வந்தது. சம்பளத்தில் பெரும்பகுதி ஊருக்குப் போய்விடும். மாதத்துக்கு ஒரு கட்டிக்கு மேல் வாங்கினால் கட்டாது. அது தீர்ந்ததும் சரசக்கா டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். டப்பா கவிழ்ந்துவிட்டால் எனக்குக் கதவைத் தட்டக் காரணம் இல்லை. அந்த நாட்களில் ஆபீஸ் விட்டு வந்ததும் படியில் சத்தமாக ஏறுவேன், கதவுக்கு நேரே வந்ததும் இருமுவேன். ஒருமுறை கதவு திறந்தது. சரசக்கா ஒரு டம்ளர் மிளகுக் கஷாயத்தை நீட்டி, குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதன் பிறகு நான் இருமவில்லை.

இந்தச் சமயத்தில்தான் கைபேசியில் அந்த வீடியோ வந்தது. ஒரு பெண்மணி, கொஞ்சம் வெண்ணெயை இரண்டு மடங்காக்கிக் காட்டினார். வெண்ணெயை இளக விட வேண்டும். பாலில், ஆறினால் அல்வா மாதிரி உறைந்துவிடும் கடல்பாசியைப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆற வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அடித்துக்கொண்டே இருந்தால் பூப்போலப் பொங்கி வருமாம். மாதச் செலவு பாதியாகும் என்றார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. செலவு குறைவதற்காக என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

மளிகைக் கடையில் கடல்பாசி கேட்டதும் கடைக்காரர் வீட்டில் விசேஷமா என்றார். ஆமாம் என்றேன். சந்தையில் ஒரு மரமத்தும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, குண்டானை இரண்டு பாதங்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கடைந்தேன். கை கழன்றுவிடும் போலிருந்த நேரத்தில் வெண்ணெய் வெளுத்து, உப்பி, குண்டான் விளிம்பைத் தொட்டது. சின்ன வயதில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமை வந்ததில்லை. காட்டுவதற்கு அறையில் யாரும் இல்லாததால் கொஞ்ச நேரம் நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டப்பா நிறைய வெண்ணெயைப் பார்த்த சரசக்கா, சம்பளம் ஏத்திட்டாங்களா என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன்.

அந்த மாதம் முழுக்கக் கதவு தட்டினேன். அடுத்த மாதம் இன்னும் துணிச்சல் வந்தது. பெருக்கியதையே திரும்பவும் பெருக்கினேன். இப்போது அது சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது. சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் சேர்த்தேன். நிறம் வந்துவிட்டது. ருசி என்று பார்த்தால், பிரெட்டில் ஈரத்தைத் தடவியது மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அதை நான் பொருட்படுத்தவே இல்லை. தின்பதற்கா வைத்திருந்தேன்?

அப்படி இருக்கையில் சரசக்காவின் மகனுக்கு ஒரு வரன் குதிர்ந்தது. பரமத்திப் பக்கத்துப் பெண். ஜாதகம் பொருந்தி, பையனும் பெண்ணும் போனில் பேசிப் பிடித்துப்போய்விட்டது. இனி பெண் வீட்டுக்காரர்கள் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுச் சரி சொன்னால் முடிந்தது. வீட்டைச் சுத்தமாக்கி, திரைச்சீலை மாற்றி, சரசக்கா ஒரு வாரமாகத் தூங்கவே இல்லை. இதற்கு முன் வந்த இரண்டு இடம், மாமனார் எந்நேரமும் டிவி முன்னால் இருக்கிறார் என்று சொல்லித் தட்டிப்போயிருந்தது. (அன்று டிவிக்கு ஒரு சால்வை போர்த்தியிருந்தார்கள்.) ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகாமல் இருந்தால் கூடமாட ஒத்தாசையாக இருக்கும் என்று என்னிடம் சொன்னார். நான் எந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன்? இருந்தாலும் யோசிப்பது போல் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு, சரி என்றேன்.

அன்று இஸ்திரி போட்ட சட்டையோடு காலையிலேயே கீழே இறங்கிவிட்டேன். தட்டும் கத்தியும் இல்லாமல் அந்த வீட்டுக்குள் போனது அதுதான் முதல்முறை. நாற்காலி போட்டேன், தண்ணீர் எடுத்து வைத்தேன். ஒரு காரில் வருவதாகச் சொன்னவர்கள் காரிலும் வேனிலுமாக வந்து இறங்கினார்கள். சரசக்கா ஒப்புட்டு செய்திருந்தார். கடலைப் பருப்பும் வெல்லமும் வைத்துத் தட்டிச் சுடுவது, அதன் மேல் நெய்யை ஊற்றித்தான் கொடுப்பார்கள். ஒப்புட்டு போதும். வீட்டில் இருந்த நெய்தான் பாதிப் பேருக்குக்கூட வராது.

சமையலறை வாசலில் என் பக்கம் வந்து, அவர் குரலைத் தணித்துக் கேட்டார்.

“தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க வெண்ணெய எடுத்து உருக்கிக்கட்டுங்களா? நாளைக்கே புதுசு வாங்கி வெச்சர்றனுங்க.”

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனால் அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அதுவரை என்னிடம் யாரும் ஒரு பொருளும் கேட்டதில்லை. என்னிடம் இருக்கும் ஒன்று இன்னொருவருக்குத் தேவைப்படுகிறது என்பதே எனக்குப் போதையாக இருந்தது.

“தாராளமா எடுத்துக்குங்கக்கா” என்றேன். எப்படியும் அதில் கொஞ்சமாவது வெண்ணெய் இருக்கிறது, கொஞ்சமாவது நெய் வராமலா போகும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

டப்பாவில் இருந்ததை வழித்து ஒரு பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வைத்துவிட்டு, பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சரசக்கா கூடத்துக்குப் போனார். நானும் பார்த்தேன். முதலில் சமர்த்தாக உருகியது. மஞ்சளாகத் தளதளத்தது. நெய்க்கு உண்டான வாசனை வரும் என்று குனிந்து முகர்ந்தேன். பால் வாசனை வந்தது. பிறகு ஓரத்தில் நுரை கட்டியது. நுரை மெதுவாக எழும்பியது. நான் ஊதினேன். அது என்னை மதிக்கவே இல்லை. அடுப்பைக் குறைக்கப் போய்த் தப்பான பக்கம் திருகிவிட்டேன். அவ்வளவுதான், ‘நெய்’ பொங்கி நாலா பக்கமும் வழிந்து, அடுப்பு புஸ்ஸென்று அணைந்தது.

திரும்பினால் வாசலில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். பெண்ணின் அத்தை. தண்ணீர் குடிக்க வந்தவர்.

“நெய்யிங்களா?” என்றார்.

“ஆமாங்க.”

“பொங்குதுங்களே?”

“புது நெய்ங்க” என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போனார்.

அடுத்த நிமிடமே சரசக்கா ஓடி வந்தார். தட்டுகளில் ஒப்புட்டு வைத்தாகிவிட்டது, பெரியவர்கள் காத்திருக்கிறார்கள். பாத்திரத்தில் மிஞ்சியதைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, தண்ணியாட்டம் இருக்குதுங்களே என்று ஒரு முறை முணுமுணுத்தவர், என் முகத்தைப் பார்க்கக்கூட நேரம் இல்லாமல் போய்விட்டார். நான் பின்னாலேயே போய்க் கூடத்து மூலையில் நின்றுகொண்டேன். கால்கள் மாடிக்குப் போகச் சொல்லின. வழியில் பெண் வீட்டார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த நாற்காலிகளை அங்கே போட்டதும் நான்தான்.

வந்தவர்களில் பெரிய தலை பெண்ணின் பெரியப்பா. அவர் தட்டில்தான் சரசக்கா தாராளமாக ஊற்றினார். அவர் உடனே சாப்பிட்டிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பேன். அவரோ தட்டை மடியில் வைத்துக்கொண்டு தன் தோட்டத்தில் போர் போட்ட கதையை ஆரம்பித்தார். எத்தனை அடியில் பாறை வந்தது, ரிக் வண்டிக்காரன் என்ன சொன்னான், தண்ணீர் எப்படி ஏமாற்றியது என்று நிதானமாகப் போனது கதை. தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கடல்பாசி உறைய அந்தக் காற்று போதும்.

தண்ணீர் வந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டுப் பெரியப்பா ஒப்புட்டைப் பிய்த்தார். நெய் சொட்டவில்லை. நடுங்கியது. விரலால் தொட்டுப் பார்த்தார். ஓரத்தைப் பிடித்து மெல்லத் தூக்கினார். மஞ்சள் நிறத்தில், ஒப்புட்டு அளவுக்கே, முழுசாக, ஒரு தோல் உரிந்து அவர் கையோடு வந்தது.

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

“ஏனுங்க, நெய்ய உரிச்சுட்டுத் திங்கோணுமுங்களா?”

எல்லோரும் அவரவர் தட்டைப் பார்த்தார்கள். உள்ளே பொங்கியதையும் பார்த்தேன் என்று அத்தை தன் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. சரசக்காவின் முகத்தை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். சம்பந்தம் பேச வந்தவர்களுக்குப் போலி நெய் ஊற்றிய வீடு என்று பெயர் வாங்கினால் பரமத்தியிலிருந்து ராசிபுரம் வரை பேசுவார்கள். அவருக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“அது என்னோட வெண்ணெய்ங்க” என்றேன்.

எல்லாத் தலைகளும் மூலைக்குத் திரும்பின. பேச ஆரம்பித்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. பால், கடல்பாசி, மஞ்சள்தூள், வீடியோ, சந்தையில் மத்து வாங்கியது, பெருக்கியதைத் திரும்பப் பெருக்கியது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இவங்க ஊட்டு நெய் அருமையான நெய், இது மேல் மாடி நெய் என்றும் சொன்னதாக ஞாபகம். (‘ஊட்டு’ என்று சொன்னேன். பயத்தில் எனக்கு அந்த ஊர்ப் பேச்சே வந்துவிட்டது.)

கண்ணாடி போட்ட அத்தைதான் கேட்டார்.

“ஒண்டியா இருக்கற ஆளுக்கு எதுக்குங்க இத்தன வெண்ணெய்?”

“செலவு மிச்சமாகும்னுதாங்க.”

“ஒரு ஆளு எவ்வளவுங்க திம்பீங்க?”

டப்பா காலியானால் நான் கீழே வர முடியாது என்பதுதான் சரியான பதில். அதை அத்தனை பேர் நடுவில் சொல்ல முடியாது என்பது ஒரு பக்கம். அந்த நிமிடத்தில்தான் அது எனக்கே தெரிந்தது என்பது இன்னொரு பக்கம். தலையைக் குனிந்துகொண்டேன்.

முதலில் சிரித்தது பெரியசாமி அண்ணன். அவர் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. லாரி ஸ்டார்ட் ஆவது போல இழுத்து இழுத்து வந்தது அந்தச் சிரிப்பு. பிறகு பெரியப்பா. தின்றால் கெடுதல் உண்டா என்று என்னிடம் கேட்டார். உடம்புக்குக் குளிர்ச்சி என்றேன். கையில் இருந்த தோலை அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் அவரவர் தட்டில் உரிக்க ஆரம்பித்தார்கள். ஒரு பொடியன் எல்லோர் தட்டிலும் உரித்துத் தின்றுகொண்டே போனான். கிளம்பும்போது பெரியப்பா, “நம்ம புள்ளைக்கு இந்த ஊட்ல பொழுது நல்லாப் போவுமுங்க” என்றார். சம்பந்தம் முடிவானது.

நான் மட்டும் அன்று மாலை கீழே இறங்கவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் படியேறும்போது சரசக்கா கதவைத் திறந்துகொண்டு நின்றார். புது வெண்ணெய்க் கட்டியை என் கையில் வைத்தார். பிறகு அதைத் தானே திரும்ப வாங்கிக்கொண்டு போய்ப் பிரிட்ஜில் வைத்தார். இருவரும் சிரித்துவிட்டோம்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பெண் வீட்டுச் சீரோடு கதவு இரண்டு வைத்த பெரிய பிரிட்ஜ் வந்து இறங்கியது. அடுத்த ஞாயிறு அண்ணனுக்குத் தெரிந்த லோடுமேன்கள் இரண்டு பேர் பழைய பிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்கள். பின்னாலேயே சரசக்கா மூச்சு வாங்க வந்தார். என் அறையின் மூலையில் அதை வைத்து, துடைத்து, தானே சுவிட்சைப் போட்டார்.

“இனி வெண்ணெய்க்காக நீங்க தெனமும் எறங்கி ஏறோணும்னு இல்லீங்க தம்பி. எங்களுக்கு இது முன்னமே தோணாமப் போச்சுங்க.”

அவ்வளவு சந்தோஷமாக அவர் எனக்கு ஒன்றைக் கொடுத்ததில்லை. நானும் நிறைய நன்றி சொன்னேன். அவர் இறங்கிப்போன பிறகு கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பிரிட்ஜைப் பார்த்தேன். உள்ளே ஒரு கட்டி வெண்ணெய், ஒரு தண்ணீர் பாட்டில், பளிச்சென்று ஒரு விளக்கு. அந்த வெண்ணெய் இரண்டு மாதம் அப்படியே இருந்தது. ஒருநாள் மாலை சும்மா கீழே இறங்கிக் கதவு வரை போனேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. எதற்காக வந்தேன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துவிட்டுத் திரும்ப ஏறிவிட்டேன். அடுத்த வருஷம் கம்பெனி என்னைச் சேலம் ஆபீசுக்கு மாற்றியது.

என் கல்யாணத்துக்குச் சரசக்காவும் அண்ணனும் வந்தார்கள். மேடையிலேயே என் மனைவியிடம் நெய் உரித்த கதையைச் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து எங்கள் வீட்டில் பால் பொங்கினால் யாரும் பால் என்று சொல்வதில்லை. “அப்பா, நெய் பொங்குது” என்று என் மகள் கத்துவாள். மாமனார் வீட்டு விசேஷம் எதுவானாலும் பந்தியில் நெய் ஊற்றியதும் ஒருவர் விரலால் உரித்துப் பார்ப்பார், எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். பெரியப்பா தோலை வாயில் போட்டுக்கொள்ளும் இடத்தோடு அவர்களுக்குக் கதை முடிந்துவிடும். நானும் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

போன பொங்கலன்று சரசக்கா போன் செய்தார். வருஷா வருஷம் செய்வார். “தம்பி, ஊட்ல நெய் பொங்குச்சுங்களா?” என்பதுதான் முதல் கேள்வி. பொங்கிவிட்டது என்றேன். மகனும் மருமகளும் பெங்களூரில், இந்த முறை லீவு கிடைக்கவில்லையாம். அண்ணனிடம் போன் போனது, மழை உண்டா என்றார், திரும்பி வந்தது. பேச வேறு ஒன்றும் இல்லை. வைத்துவிடுவார் என்று நினைத்தேன். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

“தம்பி” என்றார். “அந்தப் பிரிட்ஜ மேல ஏத்தியிருக்கக் கூடாதுங்க.”

“ஆமாங்கக்கா” என்றேன்.